எடையும் பதமும் சொல்லுங்கள்

கேக், குக்கி, புட்டிங் என்று தமிழில் செய்முறை எழுதுகிறவர்களுக்கும், வகுப்பு நடத்திச் சொல்லித்தருகிறவர்களுக்கும்,

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வயது 42. அடுப்படி எனக்குப் புதிதில்லை, பேக்கிங் புதிது. போன வருடம் ஐப்பசியில், மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால், 28 லிட்டர் ஓடிஜி ஓவன் ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து உங்களுடைய எழுத்தை நம்பித்தான் ஒவ்வொரு கேக்கையும் ஓவனுக்குள் வைக்கிறேன். இந்தக் கடிதம் குறை சொல்ல எழுதியதில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான்.

பிறந்தநாளுக்கு நான் செய்த கேக் நடுவில் குழிந்து, ஓரம் காய்ந்து போய் வெளியே வந்தது. வாயில் போட்டால் நாக்கில் சவுக்காரம் மாதிரி ஒரு கசப்பு. மகள் ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள். பத்து வயதுக் குழந்தை அம்மாவுக்காக அப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இரவு எல்லோரும் படுத்த பிறகு அந்தச் செய்முறையை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். மைதா 1 கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் அரை கப், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 ஸ்பூன், நன்றாகக் கலந்து சூடான ஓவனில் வேகும்வரை வைக்கவும். இவ்வளவுதான் இருந்தது. தெரிந்து இதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. ஆனால் எந்தக் கப், எந்த ஸ்பூன், எந்த அளவு டின், எத்தனை டிகிரி, "நன்றாக" என்றால் எவ்வளவு நேரம், "வெந்தது" என்று எதைப் பார்த்துச் சொல்வது என்று அதில் எங்கேயும் இல்லை. எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது சீனி. அதிலேயே முதல் சந்தேகம். ஸ்பூன் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, ஒன்று 5 மி.லி. பிடிக்கும், மற்றது 15. கடையில் பேக்கிங் பவுடர் இல்லாததால் ஆப்ப சோடாவும் அதுவும் ஒன்றுதான் என்று நினைத்து அதைப் போட்டேன். ஒன்றில்லை என்று அந்தக் கசப்புதான் எனக்குச் சொல்லித்தந்தது.

எங்கள் ஆச்சி எனக்கு அதிரசம் சொல்லிக்கொடுத்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் துணி விரித்து உலர்த்துவோம். "எவ்வளவு நேரம் ஆச்சி?" என்று கேட்டால், நேரம் சொல்ல மாட்டாள். ஒரு கை அரிசியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். "ஏட்டி, கையில ஈரம் தெரியணும், ஆனா அரிசி ஒட்டக் கூடாது, பாத்துக்கோ." வெல்லப் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் கூட்டச் சொல்வாள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டு வந்தால் அதிரசத்துக்கு. அதே பாகு இன்னும் கொஞ்சம் போய், உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டால் அது பொரி உருண்டைக்கு. லட்டுப் பாகுக்குக் கம்பிப் பதம். கண்ணும் விரலும் காதும் சேர்ந்து கற்றுக்கொண்ட பாடம் அது. ஆச்சியிடம் தெர்மாமீட்டர் இல்லை. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு பதமும் வெல்லப் பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் அளந்து சொன்னது. தண்ணீர் குறையக் குறையப் பாகின் சூடு ஏறும், சூடு ஏற ஏற ஆறியபின் கெட்டியாகும்.

பதத்தோடு அவளிடம் இன்னொன்றும் இருந்தது: அளவு. அரிசி இத்தனை படி என்றால் வெல்லம் இத்தனை பலம் என்று வாய் தவறாமல் சொல்வாள். நீங்கள் எழுதும் கேக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். எடையும் இல்லை, பதமும் இல்லை. இரண்டில் ஒன்றாவது இருந்தால் இன்னொன்றை நாங்களே தேடிக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

கப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லி. பல நாடுகளில் விற்கும் மெட்ரிக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 200. கப் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் மைதா ஒன்றுபோல் இருக்காது. கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் அமெரிக்கக் கப்பில் 120 கிராம் நிற்கும். டப்பாவுக்குள் கப்பையே விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிய அன்று நானே இதை நாலைந்து முறை அள்ளிப் பார்த்தேன். ஒரு முறை வந்த எடை அடுத்த முறை வரவில்லை. கேக்கில் 30 கிராம் மைதா கூடினால் அது ரொட்டி பக்கம் போய்விடுகிறது.

கப் கணக்கு சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை. பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட புத்தகத்தில், கப்பையும் ஸ்பூனையும் கத்தியால் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதுவரை ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு முட்டை அளவு வெண்ணெய் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். அவர் சொன்ன கப்பை நாம் எடுத்துக்கொண்டோம், தலை தட்டச் சொன்னதை விட்டுவிட்டோம். இன்று 300, 400 ரூபாய்க்கு மின்தராசு கிடைக்கிறது. மிக்ஸி வைத்திருக்கும் வீட்டில் தராசு ஒரு ஆடம்பரம் இல்லை.

"நம்ம ஊர்ல எல்லாரும் டம்ளர்லதான அளக்காங்க, நல்லாத்தான வருது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டேன். பிறகுதான் புரிந்தது. கேசரிக்கும் மைசூர்பாகுக்கும் எந்த டம்ளராக இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் அதே டம்ளரால்தான் அளக்கிறோம். டம்ளர் சிறிதானால் பண்டம் சிறிதாகும், விகிதம் கெடாது. ஊருக்கு ஊர் படி மாறினாலும் பலகாரம் மாறாமல் வந்தது அதனால்தான். ஆனால் கேக்கில் முட்டை இருக்கிறது. முட்டை டம்ளரில் வருவதில்லை, எண்ணிக்கையில் வருகிறது. டம்ளரை மாற்றினால் மாவும் சீனியும் மாறும், இரண்டு முட்டை இரண்டு முட்டையாகவே நிற்கும். அங்கே விகிதம் உடைகிறது. அந்த முட்டையும் ஒரே அளவா என்றால் இல்லை. அமெரிக்கப் புத்தகங்களில் பெரிய முட்டை என்று எழுதியிருப்பது ஓடு நீக்கி 50 கிராம். இங்கே கடை முட்டை ஓட்டோடு சேர்த்தே 50 கிராம் பக்கம்தான் இருக்கிறது, நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறியது. மூன்று முட்டை போடும் இடத்தில் 20, 30 கிராம் ஈரம் குறைந்துபோகும். அது தெரியாமல், கேக் வறண்டுவிட்டது என்று மறுதடவை வெண்ணெயைக் கூட்டினேன். கேக் அமுங்கிப்போனது.

எங்கள் தெருமுனை பேக்கரியில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். டிசம்பர் மாதம் எதிர்வீட்டு டீச்சர் கிறிஸ்துமஸ் கேக் கலவையை வீட்டில் கலந்து, பாத்திரத்தோடு கொண்டுபோய் அவரிடம்தான் சுட்டு வாங்குவார். டீச்சரோடு நானும் ஒருநாள் போனேன். உள்ளே விறகில் எரியும் போர்மா அடுப்பு. மாஸ்டரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த தராசைக் காட்டினார். "ஏம்மா, முப்பத்தஞ்சு வருசமா இந்த வேலைல இருக்கேன். இன்னைக்கும் எடை போடாம ஒரு டின்னு ஊத்த மாட்டேன். கை பழகினவனுக்கே தராசு வேணும், புதுசா வாரவங்களுக்கு வேண்டாமா?" பிறகு மாவைக் கரண்டியில் எடுத்துச் சரித்துக் காட்டினார். "எடை சரியா இருந்தாலும் இதப் பாக்கணும். இந்தா, இப்படி விழணும்." எடைக்கு ஒரு சொல், பதத்துக்கு ஒரு சொல். ஐந்து நிமிடத்தில் அவர் சொன்னதை நான் பிறந்தநாளிலிருந்தே தேடிக்கொண்டிருந்தேன்.

அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய் என்று எழுதுகிறீர்கள். அந்த வாக்கியம் குளிர்ந்த நாட்டில் பிறந்தது. அங்கே அறை என்றால் 20 டிகிரி. சித்திரையில் எங்கள் அடுப்படியில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும், அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். இது ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெண்ணெயையும் சீனியையும் அடிக்கும்போது சீனியின் கூரான மணிகள் வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குகின்றன. ஓவனில் கேக் எழும்புவது அந்தக் குமிழ்கள் பெருகுவதால்தான். பேக்கிங் பவுடர் புதுக் குமிழை உண்டாக்குவதில்லை, இருப்பதை ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. எவ்வளவு அடித்தாலும் வீண். ஆகவே எங்கள் ஊருக்கான பதம் இது: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. கோடையில் அதற்கு எனக்கு எட்டு நிமிடம் ஆகிறது, மார்கழியில் அரைமணிக்கு மேல். வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் செய்யலாமா என்று எத்தனையோ பேர் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். செய்யலாம், ஆனால் கடை வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டு வெண்ணெயில் எவ்வளவு மோர் தங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதை நன்றாகப் பிழிந்து எடுக்கச் சொல்லுங்கள். உப்புப் போட்ட வெண்ணெயா, போடாததா என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்.

சோடா விஷயத்தையும் ஏன் என்று சேர்த்தே சொல்லுங்கள். ஆப்ப சோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்று. அதற்குப் புளிப்பு ஒன்று துணைக்கு வேண்டும், தயிரோ எலுமிச்சையோ மோரோ. புளிப்பு இல்லாவிட்டால் எனக்கு வந்த அந்தச் சவுக்காரக் கசப்பு வரும். பேக்கிங் பவுடரில் சோடாவும், அதற்கு வேண்டிய புளிப்பும், இரண்டையும் பிரித்துக் காயவைத்திருக்க ஸ்டார்ச்சும் சேர்ந்தே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1843-இல் இதைச் செய்தது தன் மனைவிக்காக. அந்த அம்மாவுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1837-இல், அவர் கஸ்டர்டு பவுடர் செய்ததும் அதே மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் பழத்தை நறுக்கிப் போட்டு நாங்கள் செய்யும் மஞ்சள் கஸ்டர்டின் கதை அது. சோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு டப்பாவையும் ஒருநாளும் குழப்பியிருக்க மாட்டேன். அளவை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும், காரணம் தெரிந்தால் மறக்காது.

மைதாவைப் போட்ட பிறகு மெதுவாக மடித்துக் கலக்கவும் என்று எழுதுகிறீர்கள். மடித்து என்றால் என்ன என்று எனக்கு விளங்க மூன்று மாதம் ஆனது. புரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். அதே மைதாதான். அவர் அதை அடித்து, பிசைந்து, ஊறவைத்து, வீசி இழுக்கிறார். இழுக்க இழுக்க நீள வேண்டும் என்பதற்காக அந்த அடி. கேக்குக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. மாவில் இழுவை வரக் கூடாது. வெள்ளை தெரியாமல் ஆன அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். புரோட்டாவைச் சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் புரியாது?

முட்டையும் சீனியும் சேர்த்து ஸ்பாஞ்சுக்கு அடிக்கும்போது ரிப்பன் பதம் வரும்வரை என்று ஒரு குறிப்பில் படித்தேன். ரிப்பன் எனக்குக் கண்ணில் வரவில்லை. நானாக ஒன்று கண்டுபிடித்தேன். பீட்டரைத் தூக்கினால் கலவை ஒரு கோடாக விழும். அந்தக் கோடு கோல இழை மாதிரி மேலே நின்று, மெல்ல ஐந்து எண்ணும்வரை கலையாமல் இருக்க வேண்டும். வெள்ளைக்கருவை அடிக்கும்போது பீட்டரின் நுனியில் நிற்பது முதலில் கொக்கு மூக்குப்போல் வளையும், இன்னும் அடித்தால் நேராக நிற்கும். தூத்துக்குடி மக்ரூனுக்கு அந்த நேராக நிற்கும் பதம் வேண்டும். வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பொடி, இந்த மூன்றே பொருள். எல்லா வித்தையும் அடிப்பதிலும், பிறகு குறைந்த சூட்டில் ஈரத்தை ஓட்டுவதிலும் இருக்கிறது. பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெள்ளைக்கரு நுரைக்காது. மஞ்சள்கரு துளி விழுந்தாலும் அப்படித்தான். எங்கள் ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் பண்டம் அது. அதன் பதங்களைத் தமிழில் ஒருவர் பொறுமையாக எழுதினால் எத்தனை வீடுகளில் செய்வார்கள்!

தலசேரியில் மாம்பள்ளி பாபு என்று ஒருவர் இருந்தார். பர்மாவில் பிஸ்கட் வேலை கற்றுவந்து பேக்கரி வைத்தவர். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிளம் கேக்கை அவரிடம் காட்டி, இதேபோல் செய்து தரச் சொன்னார். பாபு அதற்கு முன் கேக் செய்ததில்லை. பிராந்தியை மாஹேயிலிருந்து வாங்கச் சொன்னாராம் துரை. பாபு முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார், மலபார் மசாலாக்களைச் சேர்த்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் கதை. துரைக்கு அது பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜன் செய்யச் சொன்னாராம். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். நான் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பாபுவும் அன்றைக்கு முதன்முதலாகச் செய்தவர்தான். வெளியூர்ப் பண்டம் ஒன்றைத் தன் ஊர்ச் சரக்கால் செய்து பார்த்தார். உங்களிடம் நான் கேட்பதும் அதைப் போன்ற வேலைதான். குறிப்பை மொழிபெயர்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நம்முடைய முட்டையில், நம்முடைய வெண்ணெயில், நம்முடைய வெயிலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நம் வெயிலில் செய்து பார்த்து எழுத வேண்டும் என்பது புட்டிங்கில் இன்னும் எளிதாகத் தெரியும். ஜெலட்டின் போட்ட பால் புட்டிங் ஒன்றை மே மாதத்தில் செய்தேன். ஃபிரிட்ஜில் அழகாக நின்றது. விருந்தாளி முன்னால் வைத்துப் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் தட்டில் ஓடிவிட்டது. ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி இருந்திருக்கலாம். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் தட்டுத் தட்டாகச் செய்யும் கடல்பாசி அப்படியில்லை. அறைச் சூட்டிலேயே உறையும், மறுபடி உருக வேண்டுமானால் 85 டிகிரி வேண்டும். எங்கள் வெயிலுக்கு ஏற்ற பொருள் அதுதான். அதற்கான மரிக்கொழுந்துப் பாசியை இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி எடுத்து வருகிறார்கள். கண்ணாடியும் கையில் சுற்றிய துணியுமாக நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்து அவர்கள் கொண்டுவரும் பொருள் நம் கடையிலேயே இருக்கும்போது, ஜெலட்டின் கிடைக்கவில்லையென்றால் கடல்பாசி போடலாம் என்று கடைசி வரியில் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை முதல் வரியில் எழுதுங்கள். தண்ணீரில் முழுக்கக் கரையக் கொதிக்கவிட்டு, பிறகு சூடான பாலில்தான் ஊற்ற வேண்டும், குளிர்ந்த பாலில் ஊற்றினால் கட்டி கட்டியாக உறையும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேரமல் புட்டிங்கை இட்லிப் பானையில் அவித்தால் துளை துளையாக வருகிறது என்று என் தங்கை புலம்புவாள். அடியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தால் முட்டை சுருங்கித் துளை விழும். தண்ணீர் லேசாக நடுங்கினால் போதும். ஆட்டிப் பார்த்தால் ஓரம் நின்று நடு மட்டும் கட்டித் தயிர் மாதிரி அசைய வேண்டும். அப்போதே எடுத்துவிட வேண்டும், மிச்சம் தானே வேகும்.

ஓவனைப் பற்றிக் கொஞ்சம். ஓடிஜியின் குமிழ் 180 என்று காட்டினால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பித்தான் நாங்கள் வைக்கிறோம். என்னுடையது அதைவிடக் கூடுதலாகக் காய்கிறது. அதைச் சீனியை வைத்துக் கண்டுபிடித்தேன். சீனி உருகுவது 186 டிகிரியில். ஒரு சின்ன அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சீனி போட்டு, குமிழை 175-இல் வைத்துக் கால்மணி விட்டுப் பார்த்தால் உருகக் கூடாது. எனக்கு உருகியது. இந்தச் சோதனையை ஒவ்வொரு புதியவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். குக்கரில் கேக் செய்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, அவர்கள் நல்ல கேக்குகளைச் செய்கிறார்கள். எல்லோராலும் ஓவன் வாங்க முடியாது.

டின் அளவையும் எழுதுங்கள். 8 அங்குல வட்ட டின்னுக்கு உள்ள மாவை 6 அங்குல டின்னில் ஊற்றினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் வரும். வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதைக் கேட்கத்தான் எனக்குத் தயக்கம். நீங்கள் கெடுத்த கேக்கையும் எங்களுக்குக் காட்டுங்கள். நடு குழிந்தால் என்ன காரணம், மேலே வெடித்தால் என்ன, அடியில் களிபோல் ஒரு வரி நின்றால் என்ன என்று நீங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எழுதும்போது அதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். அழகான படத்தைப் பார்த்துச் செய்து, அப்படி வராதபோது, தன் கைக்குத்தான் ராசியில்லை என்று நினைத்து ஓவனைப் பரண் மேல் ஏற்றிவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி என் மதினி. அவள் கையால் செய்யும் முந்திரிக்கொத்துக்கு எங்கள் குடும்பமே காத்திருக்கும். அந்தக் கைக்கா ராசியில்லை?

முட்டை சேர்க்காத வீடுகளும் நிறைய. அங்கே முட்டைக்குப் பதில் தயிர் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். முட்டை மூன்று வேலை செய்கிறது: காற்றைப் பிடிக்கிறது, ஈரம் தருகிறது, வெந்ததும் கட்டிக்கொள்கிறது. தயிர் அதில் ஒன்றைத்தான் செய்யும். முட்டையில்லாத கேக்கைத் தனிச் செய்முறையாகவே எழுதுங்கள்.

நான் கேட்பது எப்படி இருக்கும் என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். என் நோட்டில் உள்ள பக்கம் இது. ஒன்பது முறை செய்து, திருத்தித் திருத்தி எழுதியது.

வெண்ணெய் கேக். 7 அங்குல வட்ட டின், அடியில் பட்டர் பேப்பர். உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடிக்காத சன்னச் சீனி 150 கிராம், ஓடு நீக்கிய முட்டை 150 கிராம் (கடை முட்டை மூன்று போதவில்லையென்றால் நாலாவதை அடித்து, குறைவதை மட்டும் ஊற்றவும்), மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டிய சின்ன ஸ்பூன் ஒன்று, பால் 30 மி.லி., வனிலா எசென்ஸ் ஒரு சின்ன ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஓவனை 170 டிகிரியில் கால்மணி முன்பே சூடாக்கவும். வெண்ணெயில் விரல் குழி விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. சீனியோடு சேர்த்து, மஞ்சள் நிறம் போய்த் தந்த நிறம் வரும்வரை அடிக்கவும், கை பீட்டரில் எனக்கு ஆறு நிமிடம். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். திரிந்ததுபோல் ஆனால் பயப்பட வேண்டாம், சலித்த மைதாவில் ஒரு கரண்டி போட்டால் சேர்ந்துவிடும். மீதி மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் கலந்து சலித்துப் போட்டு, வெள்ளை மறையும்வரை மட்டும் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டவும். கடைசியில் பாலும் எசென்சும். மாவைக் கரண்டியில் எடுத்துச் சரித்தால் ஓடக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும். 40 நிமிடத்தில் முதல் முறை கதவைத் திறக்கவும், அதற்கு முன் திறந்தால் நடு அமுங்கும். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும், ஓரம் டின்னை விட்டு நூலளவு விலகியிருக்க வேண்டும், நடுவில் விரலால் தொட்டால் அமுங்கி எழ வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் எடுக்கவும். பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிடவும்.

இதில் தவறு இருந்தால் திருத்துங்கள். திருத்தி எழுதுவதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அடுத்த மாதம் ஐப்பசி. மகளுக்குப் பதினொன்று முடிகிறது. அன்றைக்கு மழை பிடித்திருக்கும். ஈரக் காற்றில் வெண்ணெயை எத்தனை நிமிடம் வெளியே வைக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து,
கேக் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தி